உறைபனியில் சைக்கிள் மிதித்தவர்கள்

பெண்ணும் சைக்கிளும் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்குப் புதுக்கோட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இன்னும் கொஞ்சம் வாசித்தவர்களுக்கு 1890களின் இங்கிலாந்தும் அமெரிக்காவும் நினைவுக்கு வரலாம். கால்சட்டை அணிந்து சைக்கிளில் கிளம்பிய பெண்கள், அவர்களைக் கேலி செய்த பத்திரிகைக் கார்ட்டூன்கள், சைக்கிள் கம்பெனிகளின் வண்ணச் சுவரொட்டிகள். அந்தச் சுவரொட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் வெயில் அடிக்கிறது. மரங்கள் பச்சையாக இருக்கின்றன, சாலை காய்ந்து கிடக்கிறது, பெண்ணின் முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

இங்கிலாந்தின் ஆண்டு அப்படிப்பட்டதல்ல. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். இரவில் தரை உறையும். சுவரொட்டிப் பெண் அந்த மாதங்களில் சைக்கிளைக் கொட்டகையில் சாத்திவிட்டுக் கணப்பு முன் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார முடியாத பெண்களும் இருந்தார்கள். உறைந்த கிராமத்துச் சாலையில், இருட்டில், கைப்பிடியில் பை ஒன்றை மாட்டிக்கொண்டு அவர்கள் போனார்கள். என் அக்கறை அவர்கள் மீதுதான்.

பெண்ணின் சைக்கிள் வரலாற்றை நாம் வழக்கமாக ஒரே கேள்வியை வைத்து எழுதுகிறோம்: அவளை ஓட்ட விட்டார்களா, விடவில்லையா? குளிர்காலத்துக்குள் நுழைந்தால் இந்தக் கேள்வி போதவில்லை. யாருமே ஓட்டக் கூடாத நாளில் யார் ஓட்டினார்கள், யார் பொருட்டு ஓட்டினார்கள், அதற்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கேட்டதும் வேறொன்றும் தெரியவருகிறது. பெண் உடம்பு மென்மையானது, சைக்கிளுக்கு ஆகாது என்று பேசிய அதே சமூகம், தனக்குத் தேவைப்பட்டபோது அந்த உடம்பை நள்ளிரவுப் பனியில் அனுப்பி வைக்கத் தயங்கவில்லை.

பனி என்று ஒரே சொல்

நமக்குப் ‘பனி’ என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. மார்கழி விடியலின் மூடுபனி, புல் நுனியின் துளி, இமயமலையின் வெண்மை எல்லாமே பனிதான். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொல்வோம். ஆனால் அது சாலையைக் கண்ணாடியாக மாற்றுவதில்லை. இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள வெண்பனியையும் உறைபனியையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து பஞ்சாக விழும் வெண்பனி கண்ணுக்குத் தெரியும். புதிதாக விழுந்ததில் டயர் அழுந்தி ஓரளவு பிடித்துக்கொள்ளும். மிதிப்பது கஷ்டம், ஆனால் விழுந்தாலும் பெரும்பாலும் மெத்தென்று விழலாம். உறைபனி வேறு. பகலில் உருகிய நீர் மாலையில் மறுபடி உறைந்து மெல்லிய கண்ணாடித் தகடாகச் சாலையில் படியும். அடியில் உள்ள தாரின் கறுப்பு அதன் வழியே தெரிவதால் ஆங்கிலத்தில் அதைக் கறுப்புப் பனி என்கிறார்கள். சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல்தான் தோன்றும்.

சைக்கிள் நிமிர்ந்து ஓடுவதே நாம் கைப்பிடியை ஒவ்வொரு கணமும் இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருப்பதால்தான். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்புகிறோம். சக்கரம் தரையைப் பற்றி நம்மை நிமிர்த்துகிறது. தரையில் பிடிமானம் இல்லையென்றால் இந்தக் கணக்கு முழுவதும் தப்பிவிடும். முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். காலை ஊன்றுவதற்குள் இடுப்போ மணிக்கட்டோ தரையில் மோதியிருக்கும். அதனால்தான் உறைபனியில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் புத்தி எல்லாமே ‘செய்யாதே’ என்றே இருக்கும். முன்பிரேக்கைத் தொடாதே, பனிமேல் போகும்போது திருப்பாதே, சாயாதே, எழுந்து நின்று மிதிக்காதே. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள், இருக்கையைத் தாழ்த்திக்கொள், நேராகப் போ, சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளு.

கிராமத்துச் சாலையில் இதெல்லாம் இன்னும் கடினம். இங்கிலாந்தின் கிராமத்துச் சந்துகள் குறுகலானவை. பல இடங்களில் இருபுறமும் ஆளுயர வேலிச்செடி. குளிர்காலத்தின் தாழ்ந்த சூரியன் வேலியைத் தாண்டி எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் வளைவுகளின் நிழலில் பனி நாள்கணக்கில் உருகாமல் கிடக்கும். வயலின் நீர் கசிந்து சாலையின் குறுக்கே ஓடி, ஓடிய நிலையிலேயே உறையும். சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் சரிந்தும் இருக்கும். சைக்கிள்காரருக்கு ஒதுக்கப்பட்ட இடமோ அந்த ஓரம்தான். 1890களில் இந்தச் சாலைகளில் தாரும் இல்லை. குதிரை வண்டித் தடங்கள் சேற்றில் பதிந்து, இரவுக் குளிரில் கல்லாக இறுகிவிடும். தடத்துக்குள் முன்சக்கரம் சிக்கினால் வெளியே எடுக்க முடியாது.

விளக்கையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் கார்பைட் விளக்கு வைத்திருந்தார்கள். மேல் கிண்ணத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே கார்பைட் கட்டியில் விழும். அதில் எழும் வாயு எரியும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீரே உறைந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். வெளிச்சம் அதிகம் தேவைப்படும் இரவில்தான் விளக்கு கைவிடும்.

மூன்று கிலோ உள்ளாடை

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் சைக்கிளோடு, ஒரே அளவான இரண்டு சக்கரமும் செயினும் கொண்ட இன்றைய வடிவம் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோது பெண்களும் ஏறக்கூடிய வண்டி கிடைத்தது. ஏறினார்கள், ஆனால் உடுத்திக்கொண்டிருந்த உடையோடு ஏற வேண்டியிருந்தது.

அந்த உடையின் பாரத்தை அறிய ஓர் எண் போதும். 1881இல் லண்டனில் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம் பெண்களுக்காக முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டை, அதாவது ஏறக்குறைய 3 கிலோவை, தாண்டக் கூடாது என்பது. சீர்திருத்தக்காரர்கள் கேட்ட உச்சவரம்பே மூன்று கிலோ என்றால் வழக்கத்தில் இருந்தது எவ்வளவு என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் கணுக்கால் வரை கம்பளிப் பாவாடை. அது மழையில் நனையும், சகதியை வாரும், செயினில் சிக்கும். இதற்காகவே பெண்கள் சைக்கிளில் பின்சக்கரத்தின் மேல் கயிற்று வலை கட்டினார்கள், செயினுக்கு மூடி போட்டார்கள், நடுப் பாரை எடுத்தார்கள். பார் இல்லாததால் வண்டியின் உறுதி குறையும். அதை ஈடுகட்டக் கனம் கூட்டினார்கள். உடைக்கு ஏற்ப வண்டியை மாற்றினார்கள். உடையை மாற்ற முனைந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி.

1898 அக்டோபர் இறுதியில் அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான லேடி ஹார்பர்ட்டன், சர்ரே மாவட்டத்து ஆக்கம் என்ற ஊரில் ஹாட்பாய் என்னும் விடுதிக்குச் சைக்கிளில் வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். தொளதொளப்பான கால்சட்டை அணிந்திருந்தார். விடுதியை நடத்திய பெண்மணி அவரைக் காப்பி அறைக்குள் விட மறுத்து, மது அருந்தும் கூடத்தை ஒட்டிய அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம் என்றார். சைக்கிள் சுற்றுலாச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899இல் தீர்ப்பு விடுதிக்கே சாதகமாக வந்தது. உணவை மறுக்கவில்லை, அறையைத்தானே மாற்றினார் என்ற வாதம் வென்றது.

இந்த வழக்கை உடைச் சுதந்திரத்தின் கதையாகவே வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு மாதமும் முக்கியமாகப் படுகிறது. அக்டோபர் கடைசியில், விரைவில் இருட்டும் நாட்களில், கிராமத்துச் சாலையில் நெடுந்தூரம் வந்தவருக்கு நெருப்புள்ள அறை ஆடம்பரம் ஆகாது. அது இருந்தால்தான் திரும்பிப் போகலாம். ஆண் சைக்கிள்காரர் அந்த அறையில் கால் காய்ச்சிக்கொள்ளலாம். பெண் தன் உடைக்கேற்ற அறையை முதலில் வெல்ல வேண்டும். குளிர்காலச் சாலை பெண்களுக்கு எட்டாமல் போனதில் பனிக்கு இருந்த பங்கு இந்தக் கதவுகளுக்கும் உண்டு.

உடலைப் பற்றிய வாதம் இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் ஓட்டுவதால் முகம் இறுகிப்போய்விடும் என்று சொல்லி அதற்குச் ‘சைக்கிள் முகம்’ என்று பெயர் வைத்தார்கள். 1893இல் டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பும் ஏறக்குறைய 190 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தில் முடித்தபோது, அவர் வேகத்தைவிட அவர் கால்சட்டைதான் பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்டது. 1899இல் அரபெல்லா கெனீலி என்ற பெண் மருத்துவரே இப்படி எழுதினார்: பெண் தன் சக்தியைத் தசையில் செலவழித்தால் அது பிறக்கப்போகும் குழந்தையிடமிருந்து திருடியதாகும். கிளாரா என்ற கற்பனைப் பெண்ணை உதாரணம் காட்டினார். கிளாரா சைக்கிள் ஓட்டுகிறாள், வலுவாக இருக்கிறாள், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பு செய்துவந்த சிறு பணிவிடைகளை மறந்துவிட்டாள். அடுத்த மாதமே லாரா ஆர்மிஸ்டன் சாண்ட் அதற்கு மறுப்பு எழுதினார்.

கிளாராவைக் கவனியுங்கள். அவளுக்கு ஓய்வு நேரம் இருக்கிறது. வீட்டில் பணிப்பெண் இருக்கிறாள். கெனீலியின் கவலை அந்தப் பணிப்பெண்ணின் தசையைப் பற்றியது அல்ல. விடியுமுன் எழுந்து நிலக்கரி சுமப்பவளின் சக்தி எந்தக் குழந்தையிடமிருந்து திருடப்படுகிறது என்று அந்தக் கட்டுரை கேட்பதில்லை. தன் மகிழ்ச்சிக்காக உடம்பைச் செலவிடும் பெண்ணின் மீதுதான் அதன் கண்டிப்பெல்லாம்.

மருத்துவச்சியின் சாலை

கிளாரா சர்ச்சை அடங்கி மூன்றே ஆண்டில், 1902இல், இங்கிலாந்து மருத்துவச்சிகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1905க்குப் பிறகு பதிவு பெறாதவர்கள் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது; 1910க்குப் பிறகு மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூலிக்குப் பிரசவம் பார்க்கவும் முடியாது. இதைக் கண்காணிக்க மத்திய மருத்துவச்சிகள் வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தில் மருத்துவர்கள் பெரும்பான்மை; மருத்துவச்சி ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

வாரியம் விதிகள் எழுதியது. துவைக்கக்கூடிய சுத்தமான உடை அணிய வேண்டும். வெப்பமானி, கத்தரிக்கோல், எனிமாக் குழாய், நகம் தேய்க்கும் பிரஷ், கிருமிநாசினி எல்லாம் பையில் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பத்து நாள் தாயும் சேயும் அவர் பொறுப்பு. இந்தப் பத்து நாளை ஒரு கிராமச் சாலையின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பிரசவம் என்பது ஒரு பயணம் அல்ல. நள்ளிரவில் ஒரு போக்கு, விடியலில் ஒரு வரவு, அதன் பிறகு நாள் தவறாமல் போய் வர வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று தாய்மார்கள் மூன்று திசையில் இருந்தால் அந்தச் சாலைகளின் ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் பனி உறையும் என்று அவருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி, பெண்கள் திரட்டிக்கொடுத்த நிதியில், மாவட்ட செவிலியர் நிறுவனம் தொடங்கியிருந்தது. கிராமங்களில் உள்ளூர்ச் சங்கங்கள் வாரம் இவ்வளவு பென்னி என்று வசூலித்து ஒரு செவிலியரை வைத்துக்கொண்டன. பல இடங்களில் அவரே மருத்துவச்சியும் கூட. குதிரை வண்டிக்குச் செலவு செய்ய முடியாத சங்கங்கள் சைக்கிள் வாங்கிக் கொடுத்தன. இப்படித்தான் சைக்கிள் மருத்துவச்சியின் கருவியாயிற்று. அது விடுதலைச் சின்னமாக வந்ததல்ல, கிடைத்ததிலேயே மலிவான வாகனமாக வந்தது.

கெனீலி காலத்து எச்சரிக்கைகள் இந்தப் பெண்ணிடம் வரும்போது வாயடைத்துப்போவதைப் பார்க்கிறேன். ஜனவரியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு விவசாயக் கூலி வந்து கதவைத் தட்டி, மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்றால், இந்தக் குளிரில் பெண் உடம்பு சைக்கிள் மிதிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. தனியாக இருட்டில் போகலாமா என்று கேட்கவில்லை. வலுவான கால் இருப்பதால் அவருடைய பெண்மை குறைந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குச் சேவை செய்யும் உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் வலுவாக இருக்கலாம். கிளாரா செய்த குற்றம் வலுவாக இருந்தது அல்ல. தனக்காக வலுவாக இருந்தது.

சைக்கிளின் எல்லை மருத்துவச்சியோடு நிற்கவில்லை, பிரசவிக்கும் பெண்ணையும் தொட்டது. 1930களில் பிரசவ வலியைக் குறைக்கும் வாயுவும் காற்றும் கலந்த கருவி வந்தது. 1936இல் அதை மருத்துவச்சிகள் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஆனால் கருவி கனமானது, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஏதுவானதல்ல. கார் உள்ள மருத்துவச்சி வரும் வீட்டில் வலி குறையும். சைக்கிளில் வரும் வீட்டில், அதுவும் பனிக்காலத்தில், வலி அப்படியே இருக்கும். அதே 1936இல் வந்த இன்னொரு சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் மருத்துவச்சிகளுக்கு மாதச் சம்பளம் தர ஏற்பாடு செய்யச் சொன்னது. 1930களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய நான்கு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாலையில் தாமதம் என்பது வெறும் தாமதம் அல்ல.

1947 ஜனவரி 22 அன்று தொடங்கிய கடுங்குளிர் மார்ச் நடுவரை நீடித்தது. அந்த ஐம்பத்தைந்து நாட்களும் பிரிட்டனில் எங்காவது ஓரிடத்தில் பனி பொழிந்துகொண்டே இருந்தது. கிராமங்கள் துண்டிக்கப்பட்டன, நிலக்கரி தட்டுப்பட்டது, மின்சாரம் வெட்டப்பட்டது. குழந்தைகள் பிறப்பதை அது நிறுத்தவில்லை. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டியும், முடியாத இடத்தில் தள்ளியும், அதுவும் முடியாதபோது சைக்கிளை வேலியோரம் போட்டுவிட்டு நடந்தும் போவதுதான் வேலையின் பகுதி.

ஓர் ஆண்டின் எல்லா நாளும்

பணிவிடைக்காக அல்லாமல் தனக்காகவே குளிர்காலச் சாலையில் இறங்கிய ஒருவர் உண்டு. 1914இல் லண்டனில் பிறந்த பில்லி ஃபிளெமிங். அப்போது முதல் கணவரின் பெயரால் பில்லி டோவி. அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓர் ஆண்டில் ஒரு பெண் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும் என்று காட்ட முடிவு செய்தார். 1938 ஜனவரி 1 அன்று லண்டனிலிருந்து கிளம்பினார். டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூட விடாமல் ஓட்டினார்.

முடித்தபோது கணக்கு 29,603 மைல், அதாவது 47,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்குச் சராசரி 81 மைல்; சென்னையிலிருந்து திண்டிவனம் வரையான தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண இரும்பு வண்டி, மூன்று கியர். பின்னால் ஒரு சின்னப் பை. போகும் ஊர்களில் வழியில் பார்ப்பவர்களிடம் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், சாட்சிக்காக. மாலைகளில் உடற்பயிற்சியின் பயனைப் பற்றிக் கூட்டங்களில் பேசினார்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது மொத்த எண்ணிக்கை அல்ல, ‘ஒரு நாள்கூட விடாமல்’ என்ற நிபந்தனைதான். கோடையில் மட்டும் ஓட்டி இந்தத் தூரத்தை எட்ட முயன்றிருந்தால் அது வெறும் சாதனையாக இருந்திருக்கும். எல்லா நாளும் என்றபோது அதில் ஜனவரியும் பிப்ரவரியும் உண்டு. 1938 டிசம்பரின் மூன்றாம் வாரத்தில் இங்கிலாந்தைக் கடுங்குளிர் பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு நாட்டின் பல பகுதிகள் வெண்பனியால் மூடியிருந்தன. ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது, இவ்வளவு தூரம் வந்த பிறகு, சாலை கண்ணாடியாகிறது. அந்த நாட்களிலும் அவர் வண்டியை எடுத்தார். பெண் உடம்பு மாதத்தில் சில நாள், ஆண்டில் சில மாதம், வாழ்க்கையில் சில ஆண்டு மட்டும்தான் நம்பத்தக்கது என்று மருத்துவம் சொல்லிவந்த காலத்துக்கு, 365 நாள் என்பதைவிடத் துல்லியமான மறுப்பு எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் அவரை அழைத்த பெயரைப் பாருங்கள். வண்டி கொடுத்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி விளம்பரங்களில் அவரைக் ‘கட்டுடல் காக்கும் இளம்பெண்’ என்ற பொருள்படும் பெயரில் அறிமுகப்படுத்தியது. இருபத்துநாலு வயது, திருமணமானவர், தன் சம்பளத்தில் வாழ்ந்தவர், சாலையில் ஆண்டு முழுதும் தனியாக இருந்தவர். அத்தனையும் போய் ஆரோக்கியமான ஒரு பெண் உடம்பு என்ற விளம்பரப் படம் மிஞ்சியது. அடுத்து அமெரிக்காவைச் சைக்கிளில் கடக்கத் திட்டமிட்டார். போர் வந்து அதை முடித்துவைத்தது. அவருடைய ஆண்டுக் கணக்கு 78 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 2016இல்தான் இங்கிலாந்தில் வாழும் ஸ்வீடன்காரரான காய்சா டிலேன் அதைக் கடந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, நூறு வயதில், பில்லி இறந்திருந்தார்.

வானிலை ரகசியமான குளிர்காலம்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. விளக்குகளை மறைக்க உத்தரவு வந்தது. சைக்கிள் விளக்கையும் மறைத்துக் கீழ்நோக்கிச் சிறு ஒளி மட்டும் விழச் செய்ய வேண்டும். பெட்ரோல் அளவுக் கட்டுப்பாடு வந்ததால் கார்கள் குறைந்தன, சைக்கிள்கள் கூடின. மூன்றாவதாக, எதிரிக்கு உதவும் என்பதால் வானிலை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. நாளை உறையுமா, மழை வருமா என்பது ராணுவ ரகசியமாயிற்று.

அப்படி எச்சரிக்கையில்லாமல் வந்தது 1940 ஜனவரி. பல பத்தாண்டுகளில் காணாத குளிர். அம்மாத இறுதியில் தெற்கு இங்கிலாந்தில் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே உறைந்தது. தொலைபேசிக் கம்பிகள் பனியின் கனம் தாங்காமல் அறுந்தன, மரக்கிளைகள் முறிந்தன, சாலைகள் ஒரே தகடாயின.

அந்தச் சாலைகளில் இப்போது மருத்துவச்சியோடு இன்னொரு கூட்டமும் இருந்தது. ஆண்கள் படைக்குப் போனதால் வயல்வேலைக்கென்று 1939 ஜூனில் பெண்கள் நிலப்படை மீண்டும் அமைக்கப்பட்டிருந்தது. 1943இல் அதில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். கடைக்காரியும் தையல்காரியும் தட்டச்சுக்காரியும் பசு கறக்கவும் கிழங்கு பிடுங்கவும் போனார்கள். தங்குமிடத்திலிருந்து பண்ணைக்குப் பலரும் சைக்கிளில்தான் போனார்கள். பால் கறக்கும் நேரம் விடியலுக்கு முன். சாலை மிக மோசமாக உறைந்திருப்பதும் அதே நேரம்தான். தொடக்கத்தில் அவர்களுக்கு வாரக்கூலி 28 ஷில்லிங். அதே வேலை பார்த்த ஆண்களின் சராசரி அதைவிடப் பத்து ஷில்லிங் அதிகம். குளிர்காலத்தில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை. அந்த நாற்பத்தெட்டு பண்ணையில் செய்யும் வேலைக்கான கணக்கு. பனியில் சைக்கிள் மிதித்த நேரத்துக்கு அதில் இடமில்லை.

போர் முடியும் தறுவாயில் மற்ற படைப்பிரிவினருக்குக் கிடைத்த பணிக்கொடையும் மறுவாழ்வு உதவியும் நிலப்படைப் பெண்களுக்கு மறுக்கப்பட்டன. அதைக் கண்டித்து அதன் தலைவர் லேடி டென்மன் 1945 பிப்ரவரியில் பதவி விலகினார். அரசு அந்தப் பெண்களுக்கு ஒரு பேட்ஜ் வழங்கியது 2008இல். அப்போது உயிரோடிருந்தவர்கள் மூதாட்டிகள்.

முதலில் எந்தச் சாலை?

இதெல்லாம் முடிந்துபோன காலம் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவச்சிக்குக் கார் வந்துவிட்டது, பிரசவம் மருத்துவமனைக்குப் போய்விட்டது, ஆணி பதித்த டயர்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் உறைந்த சாலையை யார் பயன்படுத்துகிறார்கள், அதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதை நேரடியாகக் கேட்ட ஊர் ஒன்று ஸ்வீடனில் உண்டு.

கார்ல்ஸ்கூகா என்ற அந்த ஊரில் 2011இல் நகராட்சியின் எல்லாத் திட்டங்களையும் பாலின நோக்கில் மறுபரிசீலனை செய்தார்கள். பனி அள்ளுவதில் ஆண், பெண் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பேச்சு. பார்த்தபோது இருந்தது. வழக்கமாகப் பெரிய சாலைகளை முதலில் சுத்தம் செய்வார்கள், நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசி. பெரிய சாலையில் காரில் அலுவலகம் போவோரில் ஆண்கள் அதிகம். நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் போவோரில், குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, வேலைக்குப் போய், கடைக்குப் போய், வயதான அம்மாவைப் பார்த்து வருவோரில், பெண்கள் அதிகம். சில அங்குலப் பனியில் காரை ஓட்டிவிடலாம். தள்ளுவண்டியையோ சைக்கிளையோ ஓட்டுவது கடினம். குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தவர்களிலும் நடப்பவர்களே அதிகம், அவர்களில் பெண்களே அதிகம். வரிசையை மாற்றினார்கள். நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் முதலில், பெரிய சாலைகள் பிறகு.

தலைநகர் ஸ்டாக்ஹோமும் இதே கொள்கையை ஏற்றது. 2016 நவம்பரில் அங்கே நூறாண்டுக்கு மேல் அந்த மாதத்தில் காணாத பனி கொட்டியபோது நகரம் ஸ்தம்பித்தது. உடனே கேலி தொடங்கியது: பெண்ணியம் பனி அள்ளப் போனால் இப்படித்தான் ஆகும். அந்த நாளில் பெரிய சாலை, சிறிய பாதை எதுவுமே நேரத்துக்குச் சுத்தமாகவில்லை. பனியின் அளவும் ஏற்பாட்டின் குறையும் காரணம் என்று நகராட்சி சொன்னது. கார்ட்டூன்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. கால்சட்டை அணிந்த பெண்ணை வரைந்த 1890களின் பேனாவுக்கும் இதற்கும் இடையே நூற்றிருபது ஆண்டு தூரம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

சைக்கிள் பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று மாணவிகள் கட்டுரையில் எழுதும்போது, அது பொய்யில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் அதோடு ஒரு மாதத்தின் பெயரையும் எழுதச் சொல்வேன். ஜூன் மாதத்து விடுதலையா, ஜனவரி மாதத்து விடுதலையா? ஜூனில் ஓட்ட அனுமதி வேண்டும், உடை வேண்டும், துணிவு வேண்டும். ஜனவரியில் அவற்றோடு வேறு சிலவும் வேண்டும்: உறையாத விளக்கு, நெருப்புள்ள அறை, சாலையில் கழிந்த நேரத்துக்கும் கூலி, விடியுமுன் மணல் தூவிய பாதை. முதலாவது பட்டியலைப் பெண்கள் போராடித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது பட்டியல் ஊரும் அரசும் கொடுத்தாக வேண்டியது. கார்ல்ஸ்கூகாவில் அதைக் கொடுக்கப் புதிய எந்திரம் எதுவும் வாங்கத் தேவைப்படவில்லை. இருந்த வண்டியை வேறு தெருவுக்கு முதலில் அனுப்பினார்கள்.